காந்தி பஜாரில் சுந்தராம்பாள்

அம்மாவின் தலையில் கடைசிக் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கோதண்டராமனின் குரல் கேட்டது. மீனம்பாள் ஈரப் புடவையோடு வெளியே வந்தாள். நெல் மண்டிக்காரர் அவர். சுதந்திர தின விழாக் கமிட்டித் தலைவரும் அவரே. சட்டையில் கொடி குத்தியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்த முகமாகத் தெரியவில்லை.

“தப்பா நெனைக்காதம்மா. ராகுகாலம் முடிஞ்சதும் ஊர்வலம் கெளம்புது. நீங்களும் அப்பத்தான் எடுக்கறீங்களாமே. எதிர்ல பொணம் வந்தா நல்லாவா இருக்கும்? பின்னாடி சந்து வழியா கொண்டு போயிடுங்க.”

பந்தலில் இருந்த இளையபெருமாள், அம்மாவின் தம்பி, அதற்குள் தலையாட்டிவிட்டார். பெரிய மனிதர்கள் எதைச் சொன்னாலும் தானாக ஆடுகிற தலை அது.

“அதுக்கின்னாங்க, அப்படியே செஞ்சிடலாம்.”

மீனம்பாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாடு சுதந்திரம் வாங்கிய அன்று இதே காந்தி பஜாரில் போன முதல் ஊர்வலத்தில், மாட்டு வண்டியின் மேல் பாரத மாதாவாக நின்றவள் அம்மா சுந்தராம்பாள். அட்டைக் கிரீடம், கையில் கொடி. வண்டி ஆடிய ஆட்டத்தில் கீழே விழாமல் நின்றதே பெரிய சுதந்திரம் என்று சிரிப்பாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அளவையும் கொடுத்து, இந்தக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இது நாற்பதாவது ஆண்டு, பழையபடியே வண்டி கட்டி ஊர்வலம் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அம்மா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, இந்த முறையும் தானே நிற்கிறேன் என்று கேட்க மண்டிக்கே போனாள். கோதண்டராமன் மரியாதையாகத்தான் பேசினார். “நல்ல காரியம் பாருங்கக்கா. அண்ணன் இருந்திருந்தா ஒண்ணுமில்ல.” தாலியில்லாத பாரத மாதாவை ஊர் ஏற்றுக்கொள்ளாதாம். அவருடைய புது மருமகளை ஏற்றுவதென்று முடிவாயிற்று. அம்மா திரும்பி வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்தக் கதையை அவள் யாருக்கும் சொல்லவேயில்லை. அந்த வருத்தத்தில்தான் செத்தாள் என்றால் பொய். மஞ்சள் காமாலைக்குக் கமிட்டியெல்லாம் தெரியாது. ஆனாலும் அம்மாவின் வாயை அடைத்ததை மீனம்பாளால் மன்னிக்க முடியவில்லை.

“வண்டியில ஏறத்தான் தாலி வேணும்னீங்க. பல்லக்குல ஏறவும் கமிட்டியைக் கேக்கணுமா? எங்கம்மா பஜார் வழியாத்தான் போவும்.”

“பெரியவங்க பேசிட்டோம் இல்ல?” என்று இளையபெருமாளைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அவர்கள் வழக்கத்தில் படுக்க வைத்து எடுப்பதில்லை, உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள். சாமந்தியும் கோழிக்கொண்டையும் அடைத்துக் கட்டிய பல்லக்கில் சுந்தராம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராகுகாலம் முடிந்ததும் தூக்கினார்கள். முன்னால் மேளம் போயிற்று.

தெருமுனையில் இடது பக்கம் காந்தி பஜார், வலது பக்கம் சந்து. பெண்கள் அதோடு நின்று திரும்பிவிட வேண்டும். மாமா ஏற்கெனவே காதில் ஓதியிருந்தபடி, தூக்கியவர்கள் வலது பக்கம் திரும்பப் போனார்கள். மீனம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சந்தின் வாயில் கையை விரித்து நின்றாள்.

“இடது பக்கம் திருப்புங்க.”

“மீனா, மானம் போவுதுடி. வழிய விடு.”

“என் மேல ஏறிப் போங்க, மாமா.”

தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோளில் பாரத்தோடு எவ்வளவு நேரம் நிற்பது? பல்லக்கு இடது பக்கம் திரும்பியது.

எதிரே ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் பள்ளிப் பிள்ளைகள், அடுத்து ஹுசைனின் பேண்டு, கடைசியில் வண்டியும் மருமகளும். டிரில் வாத்தியார் சுந்தரமூர்த்தி ஒரு வாரமாக இதே பஜாரில் நடத்திய ஒத்திகை கடைக்காரர்களுக்குக்கூட மனப்பாடம். சிறப்பு விருந்தினர் பூ ஜோடித்த ஜீப்பில் எதிரே வருவார். பூ கண்ணில் பட்டதும் இரண்டு பக்கமும் ஒதுங்கிச் சல்யூட் அடிக்க வேண்டும், கூடவே கோஷம். வாத்தியார் சொல்லாமல் யாரும் கையை இறக்கக் கூடாது.

விருந்தினரின் ஜீப் இன்னும் வந்தபாடில்லை. பிள்ளைகளின் கண்ணில் பட்டது பூ.

முதல் வரிசையில் நின்ற பெண் விறைத்து நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். அடுத்தவள், அதற்கடுத்தவன், வரிசை முழுக்கக் கைகள் எழுந்தன. தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. “பாரத் மாதா கீ!” என்று ஒரு குரல் கிளம்ப, “ஜே!” என்று கடைத்தெருவே அதிர்ந்தது.

கோதண்டராமன் கையை வீசித் தடுக்கப் பார்த்தார். கோஷத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. இழவு மேளம் தானாக ஓய்ந்தது. வருவது யாரென்று ஹுசைனுக்குத் தெரியும்; அவர் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஜாக்கெட் தைத்தவள் சுந்தராம்பாள். அவர் குச்சியை உயர்த்தினார். விருந்தினருக்கென்று வைத்திருந்த வரவேற்பு இசை, கிளாரினெட்டும் டிரம்முமாகப் புறப்பட்டது. வண்டிமேல் நின்ற மருமகள் மாமனாரைப் பார்த்தாள், பல்லக்கைப் பார்த்தாள், பிறகு கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு அவளும் சல்யூட் அடித்தாள். கொடியோடு நின்ற கமிட்டிக்காரர்களுக்கு வேறு வழியில்லை. எல்லோருக்கும் கடைசியாகக் கோதண்டராமனின் கை மேலே போயிற்று.

“ஜே!”

மீனம்பாளுக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. பெற்றவள் செத்த அன்று இப்படிச் சந்தோஷப்படலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

பின்னால் இருந்த பெண்கள், “வாடி, திரும்பலாம்” என்று கூப்பிட்டார்கள். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பல்லக்கின் பின்னால் நடந்தாள்.

வரிசையில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கை வலித்துவிட்டது.

“சார், எறக்கட்டுமா?”

சுந்தரமூர்த்தி வாத்தியாருக்கு இதற்குள் எல்லாம் புரிந்திருந்தது. அவரும் கையை நெற்றியில்தான் வைத்திருந்தார்.

“இரும்மா. அவங்க தாண்டிப் போவட்டும்.”