படிக்காமல் விட்ட வரி

காபி டம்ளரைக் கோமு ஒற்றைக் கையால் நீட்டினாள். எப்போதும் டவராவில் வைத்து இரண்டு கையாலும் கொடுப்பவள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. சுந்தர்ராமன் டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டுப் பையிலிருந்து கணினியில் அச்செடுத்த தாளை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பேட்டையில் கோமுவின் வீட்டுக்கு வருவது இந்தத் தாளுக்காகத்தான். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்காக அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி இணையத்தில் நலப்பயிற்சி நடத்தியது. வாரம் ஒரு மின்னஞ்சல் வரும். மூச்சுப் பயிற்சி, சாப்பாடு, கையைத் தூக்கி இறக்கும் விதம், பயத்தை வைத்துக்கொண்டு தூங்கும் விதம். பாளையங்கோட்டையில் அவன் பாடம் நடத்தும் கணினி மையத்துக்கு இணைப்பு வந்த புதிதில் மனைவி வித்யாலக்ஷ்மியின் பெயரை அதில் சேர்த்திருந்தான். வித்யாவும் கோமுவும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தவர்கள். இருவருக்கும் எடுத்தது இடது மார்பு. வித்யா தாளைப் பார்த்துத் தமிழில் சொல்வாள், கோமு கேட்டுக்கொள்வாள். கார்த்திகையில் வித்யாவுக்கு நோய் திரும்பி வந்தது. தை பிறப்பதற்குள் முடிந்துவிட்டது. அவன் அமெரிக்காவுக்கு எழுதவில்லை. எழுதினால் தாள் நின்றுவிடும். 'அன்புள்ள வித்யா, இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள்?' என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோமு எப்படி இருக்கிறாள் என்று அவன் பதில் எழுதினான். அந்தப் பதில்களில் வித்யாவுக்குப் பசி எடுத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. தலைமுடி காதுவரை வளர்ந்துவிட்டது.

"படிங்க தம்பி," என்றாள் கோமு.

"கையைக் காட்டுங்கக்கா."

"கையில என்ன இருக்கு? நீங்க படிங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் பிச்சைக்கண்ணு பேப்பரை மடித்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். "என்ன சார், இந்த வாரமும் மூச்சுதானா? அவன் சொல்லிக் குடுக்கதுக்கு முன்னால நாங்க என்ன மூச்சு விடாமலா கெடந்தோம்?"

சுந்தர்ராமன் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அக்கா கையப் பாத்தீங்களா?"

பிச்சைக்கண்ணு முந்தானையை விலக்கினார். கை முழங்கைவரை பளபளவென்று வீங்கியிருந்தது. மணிக்கட்டுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்து கிடந்தன. விரல் நுனிகள் கருத்திருந்தன.

"ஏட்டி, என்னட்டி இது?"

"சத்தம் போடாதிய. தெருவுக்குக் கேக்கும்."

முந்தாநாள் வளைகாப்பு. பிச்சைக்கண்ணுவின் தங்கை மஹாலக்ஷ்மிக்கு இது மூன்றாவது கர்ப்பம், முதல் இரண்டும் தங்கவில்லை. அவளுடைய புகுந்த வீட்டில் வளையல் அடுக்கி, பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருந்தார்கள். இப்போது அம்மன் கோவிலுக்குப் போயிருந்தாள். கோமுவுக்கு நடந்த அறுவை சிகிச்சை சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது.

"மதினிக்காரிக்கு மொதல்ல போடுன்னாங்க. வளையல்காரரு கையப் புடிச்சிட்டாரு," என்றாள் கோமு. "பெரிய அளவு தீந்து போச்சுன்னு அமுக்கி ஏத்துதாரு. அத்தன பேரு சுத்தி நிக்காங்க. இடது கையில வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்கல்லா? நான் என்னன்னு சொல்லட்டும்?"

"எண்ண போட்டுப் பாத்தியா?"

"எண்ண, சோப்பு எல்லாம் பாத்தாச்சு. அசைய மாட்டேங்கு."

பிச்சைக்கண்ணு எழுந்தார். "கொறடு எடுத்துட்டு வாரேன்."

"ஒடைக்கப்படாது!" அவள் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். வலியில் கண் இறுகியது. "வளைகாப்பு வளையலு. இத ஒடச்ச பொறவு அவ வயித்துல இருக்கதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஊரு சொல்லுதது இருக்கட்டும். அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? புள்ள பொறக்கட்டும். பொறவு கழத்துதேன்."

"அதுவரைக்கும் கை இருக்கணும்லா?"

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா," என்றான் சுந்தர்ராமன்.

"அங்க போனா மட்டும் டாக்டர் என்ன, பூப் போலயா உருவுவாரு? அவரும் ஒடைக்கத்தான செய்வாரு?"

அவள் சொன்னது சரிதான். போக அரைமணி, அங்கே வரிசை, அப்புறம் உடைப்பது. அவன் விரலால் காற்றில் அழுத்திக் காட்டி, பிச்சைக்கண்ணுவை வீக்கத்தில் அப்படி அழுத்திப் பார்க்கச் சொன்னான். அவர் அழுத்திய இடத்தில் குழி விழுந்தது. அது மேலே எழும்பவே இல்லை.

கோமு குழியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "கனம் தூக்கக் கூடாதுன்னீங்க, தூக்கல. ரவிக்கக் கைய லூசாத் தைக்கச் சொன்னீங்க, தச்சேன். கடியாரம் வேண்டாம்னீங்க, எனக்கு ஏது கடியாரம்? வளையலப் பத்தி அவன் ஒண்ணும் போடலயா தம்பி?"

"போட்டிருந்துச்சு."

"பொறவு?"

"நான் படிக்கல."

அந்தத் தாள் மாசியில் வந்தது. மோதிரம், கடிகாரம், வளையல், இறுக்கமான கை, எதுவும் அந்தப் பக்கம் கூடாது என்று ஒரே வரியில் இருந்தது. வித்யாவை எடுத்துப் போகும்போது கை நிறைய வளையல் அடுக்கியிருந்தார்கள். ஈரம் காயாத அந்த நாட்களில் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எதிரே கோமு, அவள் பக்கத்தில் இதே போல் பிச்சைக்கண்ணு. பெண்டாட்டியைப் பறிகொடுத்து வந்தவன், புருஷன் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து வளையலைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது? அந்த ஒரு சொல்லைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டான். இப்போது அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோமு தன் கணவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

பிச்சைக்கண்ணு உள்ளே போய்க் குறடோடு வந்தார். இந்தத் தடவை கோமு கையை மறைக்கவில்லை. "அண்ணாச்சி, கீறல் விழக்கூடாது," என்றான் சுந்தர்ராமன். "அந்தக் கையில சின்னக் கீறல் பட்டாலும் சீழ் பிடிக்கும்." அவர் யோசித்தார். பரணிலிருந்து கோமுவின் பழைய எக்ஸ்ரே ஒன்றை எடுத்து நீளமாக நறுக்கி, முதல் வளையலுக்கும் தோலுக்கும் நடுவே பைய நுழைத்தார். குறட்டை வைத்தார். இரும்பை மயிரிழையில் கடைந்து எடுக்கிறவர் அழுத்தவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"வேண்டாம்," என்றாள் கோமு. "உங்க கையால வேண்டாம். புருசன் கையால பொஞ்சாதி வளையல ஒடைக்கதாவது." பிறகு சுந்தர்ராமனிடம், அரிசி அளந்து போடச் சொல்வது போல்தான் சொன்னாள். "தம்பி, நீங்க ஒடைங்க. உங்களுக்கு இனிமே என்ன வந்துரப் போவுது?"

"ஏட்டி! வாய அடக்கிப் பேசு."

"இருக்கட்டும் அண்ணாச்சி."

அவன் குறட்டை வாங்கினான். அவள் சொன்னது சுட்டது. கூடவே, பல மாதங்களுக்குப் பிறகு தன்னால் ஆகிற ஒரு வேலை கைக்கு வந்தது போலவும் இருந்தது. கோமு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் அவள் கையைத் தொடாமல் குறட்டின் வாயை மட்டும் வளையலில் பொருத்தி அழுத்தினான். டக்கென்று விட்டது. பிச்சைக்கண்ணு தோள் துண்டைக் கீழே பிடித்துச் சில்லுகளை வாங்கிக்கொண்டார். அடுத்தது. எக்ஸ்ரேத் துண்டை நகர்த்தி, அடுத்தது. கடைசி வளையல் எல்லாவற்றையும்விட ஆழமாக இருந்தது. அதற்கும் தோலுக்கும் இடையே எதுவும் நுழையவில்லை. பிச்சைக்கண்ணு நகத்தால் சதையை அமுக்கி, எக்ஸ்ரேத் துண்டின் முனையை உள்ளே தள்ளினார். கோமு பல்லைக் கடித்தாள்.

தெருவில் செருப்புச் சத்தம் நின்றது. கதவுக்கு வெளியே, கை நிறைய அடுக்கிய வளையல்கள் குலுங்கின.

"மதினி, திருநீறு கொண்டாந்திருக்கேன். கதவத் தொறங்க."

பிச்சைக்கண்ணு சில்லுகள் கிடந்த தோள் துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கதவுக்குப் போகவில்லை.  கோமு கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினாள். சுந்தர்ராமன் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினான்.

சில்லுகள் தரையில் விழுந்தன. வெளியே மறுபடியும் வளையல்கள் குலுங்கின, கதவு தட்டப்பட்டது. வளையல் இருந்த இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு பள்ளம் தெரிந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ரத்தம் ஏறுகிறதா என்று.