புருஷன் எதிரில் கேட்ட கேள்வி

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புக்கு அனுப்பிய ஆட்கள் உண்மையிலேயே வீடுகளுக்குப் போனார்களா என்று, சில வீடுகளில் மறுபடி போய் விசாரிப்பது மஹ்விஷின் வேலை. அன்று சைதாப்பேட்டையில் ஒரு சந்து வீடு. கதவைத் திறந்தவனிடம், "போன மாசம் சித்தார்த்தன்னு ஒருத்தர் வந்து விவரம் கேட்டாரா? உங்க வீட்டம்மா தையல் வேலை செய்யறதா எழுதியிருக்கார்" என்றாள்.

"யாரும் வர்ல மேடம். தையலா? எவனோ குந்துன எடத்துலயே எழுதிக்கினு கீறான். இவ வூட்லதான் கீறா."

அவன் பின்னால் நின்ற மனைவி சரண்யா சட்டென்று உள்ளே நகர்ந்துகொண்டாள்.

மஹ்விஷ் திரும்பி நடந்தாள். போகாமலே எழுதியதாக அவள் குறித்தால் சித்தார்த்தனுக்கு வேலை போகும். அவன் கொண்டுவந்த வீடுகள் அத்தனையும் கணக்கிலிருந்து கழியும். பஸ் ஸ்டாப்பை நெருங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சரண்யா மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள்.

"இவர் வேலைக்குப் போயிருந்தப்ப அந்த சார் வந்தார்க்கா. பக்கத்து வூட்டு மிஷின்ல ஜாக்கெட் தைக்கிறேன், இவருக்குத் தெரியாது. விஷயம் வெளிய போவாதுன்னு சார் சொன்னாரேன்னுதான் சொன்னேன். நீங்க இன்னாடான்னா அவர் எதிர்லயே கேட்டுட்டீங்க."

"உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் கேக்கல. அதான் பயமா கீது. பால் வாங்கணும்னு சொல்லிட்டு வந்தேன்."

திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போய்விட்டாள். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றாமல் மஹ்விஷ் அங்கேயே நின்றாள்.

மறுநாள் அடையாறு அலுவலகத்தில், எந்த வீடு என்று சொல்லாமல், அதிகாரி ஜெயஸ்ரீயிடம் நடந்ததைச் சொன்னாள். "தப்பு என்னோடது மேடம். அவங்களைத் தனியாக் கேட்டிருக்கணும்." கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று அதோடு வெளியாகும் தர அறிக்கையிலும் ஒரு பத்தி சேர்த்திருந்தாள்: வீட்டார் எதிரில் கேட்ட இடங்களில், பெண்களின் வேலை குறைவாகப் பதிவாகியிருக்கலாம்.

"இதைப் போட்டா, நம்ம கணக்கை நாமே நம்பலைன்னு பேசுவாங்கம்மா."

"போடலைன்னா அந்த மாதிரி பெண்கள் நம்ப மாட்டாங்க மேடம். நம்ம எண் தப்புன்னு அவங்களுக்குத்தான் தெரியுமே."

ஜெயஸ்ரீ அந்தப் பத்தியை மறுபடி ஒரு முறை படித்தார். பிறகு ஒரு வரியும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். இனி பெண்களைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

அறிக்கை வெளிவந்ததும் ஒரு டிவியில் அந்தப் பத்தியைப் படித்துக் கிண்டலடித்தார்கள். பிறகு வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். சித்தார்த்தன் வீட்டுக்குப் போனது உண்மை என்றே மஹ்விஷ் குறித்திருந்ததால், அவன் வேலைக்கு ஆபத்து வரவில்லை.

சரண்யாவுக்கு என்ன ஆயிற்று என்றுதான் மஹ்விஷுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியாது. இன்னொரு தடவை அந்தக் கதவைத் தட்டினால் அவள் புருஷனுடைய சந்தேகம் உறுதியாகிவிடும். பஸ் சைதாப்பேட்டையைத் தாண்டும்போதெல்லாம் அவள் ஜன்னல் வழியாக அந்தச் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.