தங்கச்சி நம்பர்

அந்த விமானக் கம்பெனியில் எல்லாரும் அவரை ரோஸ்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த பைலட் எந்த நாளில் எந்த விமானத்தை ஓட்ட வேண்டும் என்று பட்டியல் போடுவது அவர் வேலை. போடுவது பெரிய விஷயமில்லை. போட்ட பட்டியல் தினம் ரெண்டு தடவை உடையும். ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் மனைவிக்குப் பிரசவம். உடைந்த இடத்தில் இன்னொருத்தரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

ஆரம்பத்தில் கம்பெனிக்கு ரெண்டே ரெண்டு விமானம். ‘பஸ் டிக்கெட் விலையில் பறக்கலாம்’ என்று விளம்பரம் போட்டு, ஓடுபாதையில் நாய் படுத்துக் கிடந்த ஊர்களுக்கெல்லாம் விட்டார்கள். ஜனம் குடும்பம் குடும்பமாக வந்து ஏறியது. ஒன்பது வருஷத்தில் ரெண்டு பதினேழாகிவிட்டது. பைலட்டுகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. விமானத்தைக் கடனுக்கு வாங்கலாம் ஐயா, பைலட்டை எந்தக் கடையில் வாங்குவது? ஆனால் மேனேஜர் விடுவாரா! “இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், சமாளிச்சுடுங்க” என்று மாசத்துக்கு ஒரு புது ரூட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். அதனால் அவருக்குப் பெயரே ‘இன்னும் ஒண்ணு’ என்று ஆகிப்போனது.

இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. விமானத்தை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன பைலட்டுக்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் ஓய்வு. நடுவில் கம்பெனி போனிலிருந்து அவர் நம்பருக்கு ஒரு அழைப்பு போனாலும் அது பதிவாகிவிடும், ஓய்வு முறிந்தது, பன்னிரண்டும் முதலிலிருந்து ஆரம்பம். நல்ல சட்டம். அண்ணன் அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார். பைலட்டைக் கூப்பிடாதே, பைலட் வீட்டம்மாவைக் கூப்பிடு, அதுவும் உன் சொந்த செல்போனில். “சும்மாதான்மா கூப்பிட்டேன், சார் எழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடு, சாயங்காலம் கார் அனுப்பறேன்.” எங்கும் பதிவாகாது. இந்த வழியை முதன்முதலில் சோதித்துப் பார்த்தது அவருடைய சொந்தத் தங்கச்சியிடம். தங்கச்சி வீட்டுக்காரர் அதே கம்பெனியில் கேப்டன். அண்ணன் தங்கச்சிக்குப் போன் பண்ணுவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

இன்றைக்கு மத்தியானம் மூணு மணி. பதினெட்டாவது விமானம் வந்த சந்தோஷத்தில் மாடியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கீழே கன்ட்ரோல் ரூமில், திரையில் சிவப்பாய்க் கிடந்த ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறரை மணி விமானத்துக்குக் கேப்டன் இல்லை. வர வேண்டியவர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். பட்டியலை மேலும் கீழும் உருட்டியதில் ஒரே ஒருத்தர்தான் தேறினார். காலை ஐந்தரைக்கு இறங்கி வீட்டுக்குப் போன மாப்பிள்ளை. ஓய்வு சரியாக ஐந்தரைக்கு முடிகிறது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

அண்ணனுக்கே கண் எரிந்தது. அவர் நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்த் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

“சொல்லுண்ணா. எழுப்பணுமா?”

“மாப்பிள்ளை தூங்கறாரா?”

“எங்கண்ணா தூங்கறார்? காலைல வந்தவர் யூனிஃபார்மைக்கூடக் கழட்டல. இப்ப தூங்கினா நீ கூப்பிடறப்ப எழுந்திருக்க முடியாதாம். நாற்காலியில உட்கார்ந்து டிவியைப் பார்த்துட்டிருக்கார், டிவி ஓடல.” தங்கச்சி குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அண்ணனுக்குப் பட்டது. “போன வாரம் சிக்னல்ல காரை நிறுத்தினவர் அப்படியே தூங்கிட்டார்ணா. பின்னாடி வந்த ஆள் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னார். சரி, போனைக் கொடுக்கட்டுமா?”

அந்த ஆறரை மணி விமானத்தில் அறுபத்தெட்டு பேர். முன்னால் உட்காரப்போகிறவர் சிக்னலில் தூங்கினவர். இதையெல்லாம் செய்தது வேறு யாருமில்லை, நான்தான் என்று நினைத்தபோது அண்ணனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“வேண்டாம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

“நீ சும்மா கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு!” என்று அவள் சிரித்தாள். அதற்குள் போன் கை மாறியது.

“மச்சான், ஆறரைதானே? பைலட்டுங்க வாட்ஸப் குரூப்ல பார்த்தேன். நான் வரேன்.”

“இல்ல மாப்பிள்ளை, ஆள் கிடைச்சாச்சு. நீங்க படுங்க.”

“என் காதுலயே பூ சுத்தறீங்களா? யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? விமானம் நின்னா அந்த ‘இன்னும் ஒண்ணு’ உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். ரெண்டு காபி குடிச்சா சரியாயிடும். கார் வேண்டாம், நானே ஓட்டிட்டு வந்துடறேன்.” வைத்துவிட்டார்.

அண்ணன் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மாப்பிள்ளை குளிக்கப் போயிருப்பார். இந்த மனுஷன் தனக்காகத்தான் வருகிறார் என்பதுதான் அண்ணனை உலுக்கியது. ஐந்தரைக்கு இங்கே வந்து நின்றால் காகிதத்தில் அவரைத் தடுக்க ஒரு வழியும் கிடையாது. மேனேஜர் கட்டிப்பிடித்து வரவேற்பார்.

உள்ளே வந்தால் மேனேஜர் கையில் கேக் தட்டோடு நிற்கிறார். “அந்த ஆறரை மட்டும் இன்னும் சிவப்பா இருக்கே. உங்க மாப்பிள்ளையைக் கேட்டாச்சா?”

“இதோ கேக்கறேன் சார்.”

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேஜை மேலிருந்த கம்பெனி போனை எடுத்து மாப்பிள்ளையின் நம்பரை அழுத்தினார். மேனேஜருக்குப் புரிய ரெண்டு விநாடி ஆனது. “யோவ், அதுலயா கூப்பிடறே? வை! வைய்யா கீழே!”

ஏழாவது தடவை மணி அடித்ததும் மாப்பிள்ளை எடுத்தார். “மச்சான்? இது பதிவாகற போனாச்சே.”

“கேப்டன், கன்ட்ரோல் ரூம்லேர்ந்து பேசறேன். மணி மூணு பன்னெண்டு. உங்க ஓய்வு நேரத்துல கம்பெனி உங்களைக் கூப்பிட்டிருக்கு. இப்பலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் உங்களை யாரும் வேலைக்குக் கூப்பிட முடியாது.”

மேனேஜர் என்னென்னவோ கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அப்ப,” என்றது போனில் குரல். இருபது வருஷம் விமானம் ஓட்டிய ஆளின் குரல். “அப்ப நான் தூங்கலாமா மச்சான்?”

“தூங்குங்க மாப்பிள்ளை,” என்றார் அண்ணன். அதுவும் பதிவானது.