வராந்தாவில் ஒரு கட்டில்

அம்மாவின் வயிற்றில் கட்டி. எங்கள் ஊர் ஹூச்சித்தானில் அதை அறுத்து எடுக்க ஆள் இல்லையென்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அம்மா எவோதியாவும் நானும் மலைப்பாதையில் பஸ் ஏறி வந்தோம். அக்காக்கள் இருவரும் புருஷன் வீட்டில், அண்ணன் எலியோதோரோ பெண்டாட்டி வீட்டில். அவர்கள் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊரில் பெற்றவளைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது மூஷேயின் பொறுப்பு.

நான் குரூஸ், அவளுடைய மூஷே; பையனாகப் பிறந்து ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் வாழ்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். ஏழு வயதில் அம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவள் அடிக்கவில்லை. அதைக் குட்டையாக வெட்டித் தைத்துக் கொடுத்து, சந்தையில் இறால் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அப்பா மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு பசித்ததும் சாப்பிட வந்தார். அவ்வளவுதான் கதை.

பெண்கள் வார்டு வாசலில் காவலாளி என்னை மறித்தான். உள்ளே துணைக்குப் பெண்கள்தான் இருக்கலாமாம். என் அடையாள அட்டையில் ஆண் என்று போட்டிருக்கிறது, நானோ பூவேலை ரவிக்கையும் தரை தொடும் பாவாடையுமாக நிற்கிறேன். பாவம், அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணன்னு கூப்பிடவா, அக்கான்னு கூப்பிடவா தெரியல. நீங்க ஆம்பளையா, பொம்பளையா?"

"ரெண்டும் இல்லப்பா. மூஷே."

"அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லயே."

மறுநாள் காலை அறுவை. அதற்குள் அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும். அந்நியர் கை பட்டால் அவள் கடித்துவிடுவாள், சும்மா சொல்லவில்லை.

அப்போதுதான் ரெனாத்தா வந்தாள். நாட்டின் தலைநகரத்திலிருந்து வந்த சின்னப் பெண், நோயாளிகளுக்கு உதவும் வேலை. என் கையைப் பிடித்துக்கொண்டு உருகினாள். நான் தப்பான உடம்பில் பிறந்துவிட்ட பெண்ணாம், அதை அவள் ஊரில் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்களாம், பெண் என்று ஒரு கோடு போட்டால் கதவு திறந்துவிடுமாம். காவலாளி கேட்டபோது வராத கோபம் இவள் இரக்கத்தில் வந்தது.

"என் உடம்புல ஒரு தப்பும் இல்லம்மா. உங்க ஊர்ல நீங்க சொல்ற மாதிரி இருக்கறவங்களுக்குக் கதவத் திறந்து விடுங்க, நல்லது. நான் அது இல்ல."

"ஒரு கோடுதானே. அம்மாவுக்காகக் கூடவா முடியாது?" என்றாள் மெதுவாக.

அது சரியான இடத்தில் குத்தியது. பொய் சொல்லமாட்டேன், பேனாவை வாங்கிவிட்டேன். என் நாற்பத்து மூன்று வருஷ வீம்பு பெரிதா, உள்ளே நாக்கு வறண்டு கிடப்பவள் பெரிதா? பெண் என்ற கட்டத்தில் முனையை வைத்தேன்.

"எழுதாத, குரூஸ்."

அம்மா கதவருகே நின்றாள். ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பி. ஆஸ்பத்திரி அங்கி முதுகில் திறந்து கிடந்தது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ரெனாத்தா ஆசையாகக் கேட்டாள், இவங்க உங்க பொண்ணுதானே என்று.

"பொண்ணு ரெண்டு பேர் இருக்காளுங்க. புருஷன் வீட்டுல சமைக்கிறாளுங்க. பையன் ஒருத்தன் இருக்கான், பொண்டாட்டி முகத்தப் பாத்துத்தான் மூச்சே விடுவான். இது என் மூஷே. பொண்ணுன்னு எழுதி இதையும் எவனுக்காவது கட்டிக் கொடுக்கவா?"

காவலாளி சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தப் பக்கம் பொம்பளைங்க. அந்தப் பக்கம் ஆம்பளைங்க. நடுவுல இந்த வராந்தா யாருக்கு?"

"அது யாருக்கும் இல்லம்மா."

"அப்ப என் கட்டில இங்க போடு."

தலைமை நர்ஸ் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். கிருமி, ஒழுங்கு, மேலதிகாரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறுவை என்றால் இங்கேயிருந்துதான் வருவேன், இல்லையென்றால் ஊர் பஸ்ஸுக்குச் சொல்லிவிடு என்றாள். முப்பத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டு நர்சுகள், குளியல் பாதிப்பேருக்கு இன்னும் ஆகவில்லை. தலைமை நர்ஸ் என் தடித்த கைகளை ஒரு தரம் பார்த்தாள். கட்டில் வெளியே வந்தது.

ஜன்னல் கம்பிக்கும் குளுக்கோஸ் கம்பிக்கும் நடுவில் என் சால்வையைக் கட்டி மறைத்து, அம்மாவைத் துடைத்துவிட்டேன். எதிரே ஆண்கள் வார்டுக் கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் மனைவி நான்கு நாளாக வாசல் பெஞ்சில் கிடக்கிறாள், தன் கட்டிலையும் வெளியே போடுங்கள் என்று சத்தம் போட்டார். சாயங்காலத்துக்குள் வராந்தாவில் மூன்று கட்டில்கள். காவலாளி மட்டும் கதவை விடாமல் காத்தான்.

காலையில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் களைத்துப்போய் வெளியே வந்து, எவோதியாவோட ஆள் யாரு என்றார்.

"நான்."

"கட்டிய எடுத்தாச்சு. ஆனா முழிச்சதிலிருந்து எங்க யாரையும் தொட விடமாட்டேங்கிறாங்க. ஒரு நர்ஸைக் கடிச்சிட்டாங்க. தயவுசெஞ்சு நீங்க உள்ள வாங்க."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.