பிரேக்கின் மேல் மாமனார்

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள்தான் மனோகர். எப்போது காப்பாற்றுவான் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூ மாற்றுகிறேன் என்று பெண்டாட்டி வாணியிடம் சொல்லி முழுசாக ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஐயா ஸ்பானரைக் கையில் எடுத்தார். திங்கட்கிழமை வாணி பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும்.

கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. மகள் பிறந்ததிலிருந்து பதினான்கு வருஷமாக வாணி ஆசைப்பட்டுக் கிடந்தது. சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டிலிருந்து பக்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய் தினமும் விடிகாலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் எந்த ஆட்டோக்காரனும் எழுந்திருக்க மாட்டான். இந்த இருபத்தைந்து வருஷத்துப் பைக் ஓடினால்தான் வேலை.

கொல்லைப்புறத்தில் பைக்கை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரித்தூளைத் துடைத்து, புது ஷூ போட்டுத் திரும்ப மாட்டினான் மனோகர். கடைசியாக ஆக்சில் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கி முடிக்கும்வரை ஒருவர் பிரேக்கை மிதித்தபடியே இருந்தால்தான் ஷூ சரியாக நடுவில் உட்காரும். இடையில் காலை எடுத்தால் ஒரு பக்கமாக உரசும்.

"பிரேக்க எங்கிட்ட வுடுடா" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் அவன் அப்பா காத்தவராயன். சுரங்கத்தில் ஆட்கள் போகிற கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்குகிற வைண்டிங் இன்ஜினுக்கு இருபத்தெட்டு வருஷம் டிரைவராக இருந்தவர். பிரேக் என்றால் அவருக்குத் தனி மரியாதை.

மனோகர் இறுக்கினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் உர்ரென்று உரசி அரைச் சுற்றில் நின்றது. நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினான். மறுபடியும் உர்.

"இன்னாங்க, ஊரு மோட்டாரெல்லாம் ஒரே தபாவுல சரி பண்றீங்க. நான் வேலைக்குப் போற வண்டி மட்டும் சண்டித்தனம் பண்ணுதே?" என்றாள் வாணி.

"ஷூ சரியில்ல."

"ஷூவா, உங்க மனசா?"

அவன் ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனாலும் வாணிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம். இந்த மனுஷன் நம்மைப் போகவிடாமல் செய்கிறானோ?

மூன்றாவது தடவை அவளே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். நட்டு கடைசி கால் சுற்றுக்கு அடம்பிடித்தது. மனோகர் ஸ்பானரின் வாலில் சுத்தியலால் அடித்தான். டங், டங். மாமனாரின் கால் பதமாக மேலே எழும்பியது.

"மாமா, ஏன் கால எடுத்தீங்க?"

"பெல்லு அடிச்சானே."

"பெல்லா?"

"ரெண்டு அடிச்சா கேஜ கீழ இறக்கணும்மா. பிரேக்க புடிச்சிகினே எப்டி இறக்கறது?"

வாணி சிரித்த சிரிப்பில் புரையேறியது. "மூணு தபா இறக்கிட்டீங்களே மாமா. இப்ப சொரங்கத்துல எந்த லெவல்ல கீறோம்?"

"சட்டம்னா சட்டந்தான்" என்று முறைத்துக்கொண்டு காத்தவராயன் எழுந்தார். வாணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினாள்.

"இப்ப அடிங்க. நூறு பெல்லு அடிச்சாலும் இந்தக் கால் நவுராது."

நட்டு இறுகியது. அவள் காலை எடுத்ததும் மனோகர் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். சத்தமே இல்லாமல் அது பாட்டுக்குச் சுற்றியது. வாணிக்கு உயிர் வந்தது.

"உங்க மேல தப்பா நெனச்சிட்டேங்க."

மனோகர் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "நீ தப்பா நெனைக்கல. நைனா கால எடுத்தத ரெண்டாவது தபாவே பாத்துட்டேன்."

"பாத்துட்டு?"

"சொல்லல. நீ வர எட்டு மணி ஆவும். நீ இல்லாத வூட்டுக்குள்ள வர எனக்குப் புடிக்கல வாணி."

கோபம் வந்தது அவளுக்கு. கோபத்தோடு சேர்ந்து கண்ணும் நிறைந்தது. இதைச் சொல்ல இந்த ஆளுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கு ஒரு பின்சக்கரம் வேறு வேண்டியிருந்திருக்கிறது. அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி, பழைய துணியில் சுற்றி, மறுநாளைக்கு எடுத்துவைத்திருந்த கைப்பைக்குள் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் சொருகினாள்.

"அது எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?"

"இங்க இருந்தா நாலாவது தபா கழட்டுவீங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க, தரேன்."