ஒரு அறைக்கு ஒரே குழாய்

இருட்டு பிரிவதற்குள் குழாய்ச் சுருளோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டோம், நானும் என் கணவர் சுங்பேயும். மூன்றாம் மாடிக்கு இன்னும் ஜன்னல் மாட்டவில்லை. எங்கள் இன்சோன் நகரத்துக் கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜனவரிக் குளிரில் வெள்ளைக் குழாய் விறைத்துக்கொள்ளும். நான் சுருளைப் பிரித்தபடி பின்னால் நகர வேண்டும். அவர் முட்டி போட்டுக் குழாயைக் கம்பிவலையோடு கட்டிக்கொண்டே வர வேண்டும். என் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் போதும், குழாய் துள்ளிப் பழைய சுருளுக்கே திரும்பும். திரும்புகிற வழியில் அவர் முகவாயில் ஒரு போடு போடும்.

"மெதுவாப் பிடின்னு சொன்னேன்ல!"

"என்கிட்ட ஏன் எரிஞ்சு விழறீங்க? குழாய்கிட்ட சொல்லுங்க."

சாம்பல் நிறக் குழாய்தான் கேட்டிருந்தோம். அது குளிரிலும் வளையும், சொன்னபடி கேட்கும். முதலாளி பாங் "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். சரி, வெள்ளையாவது புதுச் சுருளாக வந்ததே என்று வாயை மூடிக்கொண்டோம்.

எங்கள் தொழிலில் மீறக்கூடாதது ஒன்றே ஒன்று: ஒரு அறைக்கு ஒரே குழாய். சமையலறை மூலையிலிருந்து கிளம்பும் சுடுதண்ணீர் அறைத் தரை முழுக்க வளைந்து வளைந்து ஓடி, தரையைச் சூடாக்கிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். நடுவில் வெட்டு கூடாது, ஒட்டு கூடாது. மேலே சிமெண்ட் கலவை மூடிவிடும். அதன் மேல் ஜனங்கள் பாய் விரித்துப் படுப்பார்கள். உள்ளே ஓர் இணைப்பு கசிந்தால் முதலில் தெரிவது கீழ்வீட்டுக் கூரையில்தான். அப்புறம் தரையை உடைத்துத் தேட வேண்டியதுதான்.

அதை நாங்கள் அனுபவித்தாகிவிட்டது. போன வருஷம் இதே முதலாளியின் இன்னொரு கட்டடத்தில் நாங்கள் குழாய் போட்ட தரையில் தண்ணீர் கசிந்தது. கலவை ஊற்றும் தல்கு எங்கள் வேலையைத்தான் குறை சொன்னதாக முதலாளி சொன்னார். நானும் சுங்பேயும் எங்களோடு வேலை செய்யும் கிமானும் கூலியே இல்லாமல் அந்தத் தரையை உடைத்தோம். கீழ்வீட்டு அம்மா நனைந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களைப் பிடிபிடியென்று பிடித்தாள். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து தல்குவின் ஆட்களைக் கண்டால் நாங்கள் எச்சில் துப்பாத குறை.

பொழுது நன்றாக விடிந்ததும் கிமான் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு மேலே வந்தான்.

"புதுச் சுருள் தீந்துபோச்சாம் அக்கா. மிச்ச அறைக்கெல்லாம் இதை ஒட்டுப் போட்டுக்கணுமாம்."

சாக்கைக் கவிழ்த்தான். வேறு வேறு கட்டடங்களில் மிஞ்சிய துண்டுகள். கூடவே ஒரு பை நிறையப் பித்தளை இணைப்புகள். துண்டுகள் வெள்ளையாக இல்லை, மஞ்சளித்துப் போயிருந்தன. கோடை முழுக்க ஏதோ மொட்டைமாடி வெயிலில் கிடந்தவை. சுங்பே ஒன்றை எடுத்து வளைத்தார். பட்டென்று விரிசல் விட்டது.

முதலாளியும் பின்னாலேயே வந்துவிட்டார், கையில் காபிக் கோப்பையோடு.

"என்ன, கூடிக் கூடிப் பேசறீங்க? மத்தியானம் தல்கு கலவை ஊத்த வந்துடுவான். சீக்கிரம் ஆகட்டும்."

"இதைப் போட முடியாது முதலாளி," என்றார் சுங்பே. "வெயில்ல செத்த குழாய் இது. அதுலயும் தரைக்குள்ள ஒட்டா?"

"இறுக்கமாப் போடு, கசியாது."

"கசிஞ்சா?"

"சிமெண்ட் மூடிட்டா எவன் பாக்கப்போறான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கீழ இருக்கறவங்க பாப்பாங்க. அப்ப நீங்க எங்களைப் பாப்பீங்க. போன வருஷம் பாத்தீங்களே, அந்த மாதிரி."

"ஏம்மா, நீ சுருளைப் பிரிக்க வந்தியா, எனக்குப் பாடம் நடத்த வந்தியா? முடியாதுன்னா எறங்கிப் போயிட்டே இருங்க. போன் பண்ணா பத்து பேர் வருவான்."

சுங்பே என்னைப் பார்த்தார். இந்தக் குளிர்காலத்தில் வேறு கட்டடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிமான் ஒரு இணைப்பைக் கையிலெடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நாங்களே குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கியிருப்போம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதற்குள் படியில் தடதடவென்று சத்தம். தல்கு நேரத்தோடே வந்துவிட்டார், தோளில் கலவைக் குழலும் பின்னால் மண்வெட்டி ஆட்களுமாக.

"இன்னுமா முடிக்கல? போன வருஷம் பழியை எங்க தலையில கட்டினீங்க, இந்த வருஷம் வேலையையும் கெடுக்கறீங்களா?"

"யாரு பழியை யாரு தலையில கட்டினது?" என்று நான் எகிறினேன். "எங்க வேலை மோசம்னு கோள் சொன்னது நீங்க. தரையை உடைச்சது நாங்க!"

"நானா?" என்று என் மகள் பேரைச் சொல்லிச் சீறினார் தல்கு. "ஹேவோன் அம்மா, வாய்க்கு வந்ததைப் பேசாதே. எங்க மண்வெட்டி குத்திக் குழாய் ஓட்டையாச்சுன்னு நீங்க சொன்னதா இந்த முதலாளிதான் சொன்னாரு. எங்க கூலியில பிடிச்சுக்கிட்டாரு. என் ஆளுங்க புது வருஷத்துக்கு ஊருக்குக்கூடப் போகல."

தல்கு குனிந்து மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்தார். வளைத்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கட்டைவிரல் அழுத்தத்துக்கே நொறுங்கியது.

"போன வருஷமும் இதுதானா?"

"அன்னிக்கு இருட்டோட போட்டோம், நிறம் எங்க தெரிஞ்சுது," என்றார் சுங்பே. "அப்புறம் உடைச்சப்ப மஞ்சளாத்தான் இருந்துச்சு. ஈரத்துல ஊறின நிறம்னு நெனச்சேன். மடையன் நான்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். ஒரே கசிவுக்கு இரண்டு பக்கமும் தண்டம் வாங்கியவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"பழைய கதை இப்ப எதுக்கு?" என்றார். "தல்கு, உன் வேலை ஊத்தறது. கீழ என்ன குழாய் கெடக்குன்னு உனக்கென்ன?"

"மூடறவன் நான்தானே முதலாளி? இதை நான் மூட மாட்டேன்."

தல்கு படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். கீழே உறுமிக்கொண்டிருந்த கலவை இயந்திரம் நின்றது. நான் சுருளைக் கீழே போட்டேன். சுங்பே முட்டியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்.

"புதுச் சுருள் கொண்டாங்க, ஒட்டு இல்லாமப் போடறோம்," என்றார் சுங்பே. "போன வருஷக் கூலி ரெண்டு பக்கத்துக்கும் வரணும். அதுவரைக்கும் இந்தத் தரை இப்படியேதான் கெடக்கும்."

முதலாளியின் முகம் சிவந்தது. "கெடக்கட்டுமா? நாளைக்கே வேற ஆளை வச்சு முடிக்கறேன் பாரு. உங்களை விட்டா இந்த ஊர்ல ஆளே இல்லையா?"

நாளைக்கு ஆள் வரலாம். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. எங்கள் கையில் வேலையும் இல்லை, பழைய கூலியும் இல்லை. அன்றைய நாள் வீண். நான் என் கருவிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டேன்.

தல்கு என் கருவிப் பையின் ஒரு காதைப் பிடித்தார். மறு காதை நான் பிடித்தேன்.

"ஆள் இருக்காங்க முதலாளி, நெறைய இருக்காங்க," என்றார் அவர். "அவங்ககிட்ட சொல்லத்தான் இப்ப கெளம்பறோம்."

எல்லோரும் ஒன்றாகப் படியிறங்கினோம்.