பழுப்புத்தாள் சுற்றிய இரண்டு புத்தகங்கள்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. அக்கா வீட்டுக்காரர் கொடுத்தது. ஒரு விடுமுறை நாளில் என் வீட்டுக் கதவைத் தட்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாப்ளே, பயம் போறதுக்கு நல்ல புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் பங்கு. மீதியெல்லாம் என் குளறுபடி.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்:

'மழைநாளின் சாம்பல் வெளிச்சத்தில் அந்த ஓட்டுநர் தன் நடுங்கும் கைகளை—'

அடித்துவிட்டேன். சாம்பல் வெளிச்சமாவது மண்ணாவது! அன்றைக்கு நல்ல வெயில்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மாமா பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் வேலை. ஒரு வளைவில், சைக்கிளில் வந்த ஓர் ஆள் சறுக்கி பஸ்ஸுக்கு நேர் முன்னால் விழுந்தார். மாமா பிரேக்கை மிதித்தார், பஸ் நின்றது. சைக்கிள்காரர் எழுந்து, துணியைத் தட்டிக்கொண்டு, மாமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயே போய்விட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மறுநாள் டிரைவர் சீட்டில் ஏறிய மாமாவால் சாவியைத் திருப்ப முடியவில்லை. கை வெடவெடவென்று நடுங்க, இறங்கிவிட்டார். டிப்போவில் நல்ல மனுஷர்கள். டைம் கீப்பர் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் சோதனை ஓட்டம். அதில் ஓட்டாவிட்டால் அந்த நாற்காலியே நிரந்தரம்.

நிரந்தரம் என்றால் ஊரில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்லாகிவிடும். மாமாவுக்கு முகம் செத்துப்போயிருந்தது. பஸ் ஓட்டாத மாமாவை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

2

"டாக்டரைப் பாக்கலாமே மாமா?"

"ஆஸ்பத்திரின்னு சொன்னே, இப்பவே கிளம்பிடுவேன். புத்தகம்னா படிக்கிறேன். அதையும் அட்டை போட்டுக் குடு. டிப்போல எவனாவது பாத்தான்னா பட்டப்பேர் வெச்சே கொன்னுடுவானுங்க."

ஆக, புத்தகக் கடைக்குப் போனேன். அக்காவும் வந்தாள். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

(கட்டுரை மாதிரி ஒரு பத்தி. பிடிக்காதவர்கள் மூன்றுக்குத் தாவலாம்.) வாழ்க்கையை மாற்றும் புத்தகங்களின் அலமாரி முன்னால் நின்றிருக்கிறீர்களா? எந்த அட்டையை எடுத்தாலும் கோட்டு போட்ட ஒருவர் மலையுச்சியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவரைக் கோட்டோடு மலையேறச் சொன்னது யார்? முதல் அத்தியாயத்தில் அவர் பரம ஏழை, மூன்றாவதில் கோடீஸ்வரர், நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதமாட்டார். நான் எப்போதும் புத்தகத்தின் நடுவில்தான் திறப்பேன். முதல் பக்கங்கள் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல உடுத்தியிருக்கும். நடுப்பக்கத்தில்தான் எழுதியவர் வீட்டு உடையில் இருப்பார். அங்கே, 'இது எனக்கும் சரியாக வரவில்லை' என்று ஒரு வரி இருந்தால் அவரோடு கொஞ்ச தூரம் போகலாம்.

அக்காவுக்கு வேறு கணக்கு.

"டேய், முன்னாடி என்ன வேணா போடுவான். யாருக்கு ஒத்துக்காதுன்னு உள்ள போட்டிருக்கானா பாரு."

"அக்கா, இது மாத்திரை இல்ல."

"மண்டைக்குள்ள போறதெல்லாம் மாத்திரைதான். எல்லாருக்கும் எல்லாத்துக்கும் கேக்கும்னு சொல்ற மருந்தை நான் கையால தொடமாட்டேன்."

என் விதி, அவள் விதி இரண்டையும் போட்டுச் சலித்ததில் அலமாரியே காலியாகிவிட்டது. தேறியவை இரண்டே புத்தகங்கள். ஒன்று, வேலை செய்யும் இடத்தில் பயம் வந்தால் பெரியவர்கள் என்ன செய்யலாம் என்பது. அது மாமாவுக்கு. இன்னொன்று, பள்ளிக்கூடம் போகப் பயப்படும் குழந்தையை என்ன செய்வது என்பது. அது என் ஆபீசில் பக்கத்து மேஜைத் தோழிக்கு. அவள் மகள் காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே அழுவாளாம்.

(புத்தகங்களின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கடைக்குப் போய்த் தேடுவீர்கள். நீங்கள் இனிமேல் நடுவில் திறந்து பார்த்து வாங்குங்கள்.)

ஆபீசில் பழுப்புத்தாள் நிறையக் கிடந்தது. மாமாவின் புத்தகத்துக்கு அட்டை போட்ட கையோடு, தோழியின் புத்தகத்துக்கும் போட்டேன். மேலே எதுவும் எழுதவில்லை. கதை எழுதுகிறவனுக்கு சஸ்பென்ஸ் பிடிக்கலாம், அட்டை போடுகிறவனுக்குப் பிடிக்கவே கூடாது. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

3

அக்கா போனில் சொன்ன சமாசாரங்கள் ஒரு தினுசாக இருந்தன.

"விடிஞ்சதும் டிப்போக்குப் போறாருடா. போய், பஸ்ஸைத் தொட்டுட்டு வந்துடறாராம்."

"தொட்டுட்டா?"

"சும்மா, தொட்டுட்டு. மறுநாள் படியில உக்காந்தாராம். அப்புறம் பின் சீட்டுல. இன்னைக்கு டிரைவர் சீட்டுல, சாவி இல்லாம. அது போகட்டும், என் தலை கிளிப்பைக் காணோம்னு வீடு பூரா தேடினேன். இவர் சட்டைப் பையில இருக்கு! கேட்டா, 'இருக்கட்டும்'கிறார்."

(இந்த இடத்தில் மாமா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பஸ் ஓட்டுகிற, மீசை வைத்த மனிதர் கிளிப்பை எடுத்துக்கொண்டு போவாரா? வாசகர் நம்புவாரா? 'கைக்குட்டை' என்று மாற்றினேன். மறுபடி 'கிளிப்' என்றே எழுதிவிட்டேன். கிளிப்தான்.)

4

தோழி புத்தகத்தை என் மேஜைமேல் வைத்தாள்.

"நல்ல புத்தகம்தான், குறை சொல்லலை. ஆனா இதுல எம்பொண்ணு வரவே இல்லையே? மேலதிகாரிகிட்ட எப்படிப் பேசணும்னு இருக்கு. அவ ஒன்னாம் கிளாஸ்."

திறந்து பார்த்தேன். மாமாவுக்கு வாங்கிய புத்தகம். அரைநாள் லீவு சொல்லிவிட்டு டிப்போவுக்கு ஓடினேன்.

இங்கே எழுதிக் கிழித்த வரிகள்: 'மாமா புத்தகத்தை என் முகத்தில் விட்டெறிந்தார்.' 'மாமா என்னோடு பேசுவதையே—' இல்லை. அவர் டைம் கீப்பர் அறையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"ரெண்டாம் பக்கத்துலயே 'உங்கள் குழந்தை'ன்னு இருந்துச்சு மாப்ளே. மொதல்ல கோவம்தான் வந்துச்சு, நக்கல் பண்றியோன்னு. அப்புறம் நெனச்சேன், நீ யோசிக்காம குடுக்கிற ஆளா?"

நான் யோசிக்காமல்தான் கொடுத்திருந்தேன்.

"எல்லாரும் எங்கிட்ட, 'நீ எப்பேர்ப்பட்ட டிரைவர், உனக்கென்ன பயம்'னே சொன்னாங்க. கேக்கக் கேக்க வெக்கமாப் போச்சு. அந்தப் புத்தகம் ஒன்னுதான், பயப்படற பிள்ளைய ஏன் பயப்படறேன்னு கேக்காதே, பக்கத்துல உக்காருன்னு சொல்லுச்சு. மொதல்ல வாசல் வரைக்கும் போதும், வீட்டுல இருந்து ஏதாவது ஒரு சாமான் பையில இருக்கட்டும்னு சொல்லுச்சு. என்னை நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன்டா."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பழுப்புத்தாள் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு!

"அப்ப உன் மூளைக்கு நன்றி சொல்ல வேண்டியதில்ல. அந்தப் பழுப்புத்தாளுக்குச் சொல்லிக்கிறேன்."

5

சிறிய பகுதி, ஆனால் இதற்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்.

அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கடைசி அத்தியாயம் முடிச்சுட்டேன். இவ்வளவு செஞ்சும் குழந்தைக்கு நடுக்கம் விடலைன்னா, இந்தப் புத்தகம் போதாது, தெரிஞ்ச டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அது உங்க தோல்வி இல்லன்னு போட்டிருக்கு."

தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"குழந்தைய எப்ப கூட்டிட்டுப் போறே?" என்று அக்காவைக் கேட்டார்.

"நாளைக்கே" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பாத்தியா? யாருக்குப் போதாதுன்னு உள்ளயே போட்டிருக்கான். நல்ல கம்பெனி" என்றாள்.

மறுநாள் போனார்கள். இன்னும் போகிறார்கள். டாக்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இந்த வழியிலேயே மெதுவாகப் போங்கள் என்றாராம். போன வாரம் மாமா சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டு, அணைத்துவிட்டு வந்தார்.*

* புத்தகம் இப்போது தோழியிடம் இருக்கிறது. "யார் இவ்வளவு பென்சில் கோடு போட்டது?" என்று கேட்டாள். "ஒரு குழந்தைதான்" என்றேன்.

6

இதுவரை எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். "நான் அவ்வளவு வாயாடி இல்ல" என்றாள் அக்கா. மாமா கேட்டார்:

"முடிவு?"

"ரெண்டு வெச்சிருக்கேன் மாமா. ஒன்னுல நீங்க ஜம்முன்னு ஓட்டிட்டு வர்றீங்க, டிப்போவே கை தட்டுது. இன்னொன்னுல பாதியில இறங்கிடறீங்க, ஆனா அந்த நாற்காலியிலயும் நிம்மதியா—"

"ரெண்டையும் கிழி."

"ஏன்?"

"அந்தப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு? ஸ்கூல் வாசல்ல நின்னுக்கிட்டு 'நீ அழமாட்டே'ன்னு சொல்லாதே. 'அழுதாப் பரவாயில்ல'ன்னும் சொல்லாதே. உள்ள என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது. 'திரும்பி வரும்போது இங்கதான் நிப்பேன்'னு மட்டும் சொல்லு. அது ஒன்னுதான் உன் கையில இருக்கு."

எத்தனை கதை எழுதியிருக்கிறேன்! முடிவைப் பற்றி இவ்வளவு சரியாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் புத்தகத்தை எழுதிய முகம் தெரியாதவரே, நீங்கள் எங்கேயிருந்தாலும் நன்றாயிருங்கள். உங்கள் நடுப்பக்கத்தில், உங்கள் மகனைச் சமாதானப்படுத்த முடியாமல் நீங்களும் வாசலில் உட்கார்ந்து அழுததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் உங்களை வாங்கினேன்.

7

இன்று சோதனை ஓட்டம்.

நானும் அக்காவும் டிப்போ கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். அக்கா தலைமுடியை ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறாள். மாமா எங்களைக் கடந்து நடக்கும்போது சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வரட்டுமா?" என்றார். "இங்கதான் நிப்போம்" என்றாள் அக்கா. நானும் அதையேதான் சொன்னேன், வேறொன்றும் சேர்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டார். கதவு சாத்திக்கொள்கிறது. சாவி திரும்பும் சத்தம் இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. எஞ்சின் சத்தம் கேட்கிறது. பஸ் அப்படியே நிற்கிறது. இன்னும் நிற்கிறது. இப்போது முன்சக்கரம்—

இந்த வரியை நான் முடிக்கப்போவதில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். முடிந்தால் இங்கே வந்து எங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கேட்டருகே இடம் இருக்கிறது.